இரத்தத்தின் தாய்

அரபு மொழியில் 'உம்மு' என்றால் தாய். அச்சொல்லை அரபியர் பெற்றவளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. எது மற்றவற்றைத் தன்னிடத்தே ஒன்று சேர்க்கிறதோ, எது ஒன்றைத் தன்னுள் பொதிந்து வைத்திருக்கிறதோ, அதனையும் 'உம்மு' என்றே வழங்கினர். மக்கமா நகருக்கு 'உம்முல் குரா', ஊர்களின் தாய், என்று பெயர். மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வுக்கு 'உம்முத் திமாக்', மூளையின் தாய், என்று பெயர். கெட்டியான மேற்சவ்வும் மெல்லிய உட்சவ்வுமாக அங்கே இரண்டு தாயர். 12ஆம் நூற்றாண்டில் அரபு மருத்துவ நூல்களை இலத்தீனில் பெயர்த்தவர்கள் இச்சொல்லையும் சேர்த்தே பெயர்த்தார்கள். இன்றைக்கும் மருத்துவக் கல்லூரிகளில் அச்சவ்வுகளை 'டியூரா மேட்டர்', 'பயா மேட்டர்' என்று சொல்லுகிறார்கள். 'மேட்டர்' என்பது இலத்தீனில் தாய். அவள் நம் அரபித் தாயின் மகள்.

அதே நூல்களில் இன்னொரு தாயும் உண்டு. அவள் பெயர் 'உம்முத் தம்', இரத்தத்தின் தாய். நாடியின் சுவர் ஓரிடத்தில் நலிந்து, உள்ளே ஓடும் இரத்தத்தின் அழுத்தத்தால் வெளிப்புறம் புடைத்து, ஒரு பை போலத் தொங்குமானால் அந்நோய்க்கு அப்பெயர் இட்டார்கள். மேலை மருத்துவர் கிரேக்கச் சொல்லை எடுத்து 'அனியூரிசம்' என்கிறார்கள். தமிழில் நாளப்புடைப்பு எனலாம். குர்துபா நாட்டு அறுவை மருத்துவ மேதை அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, தமது 'அத்தஸ்ரீப்' நூலில், அக்குளிலும் தொடை இடுக்கிலும் கழுத்திலும் பெரிதாகப் புடைத்திருப்பதைக் கத்தியால் தொடுவது ஆபத்து என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்து வைத்தார். மண்டை ஓட்டுக்குள்ளே இருப்பதை அவர் காண்பதற்கு வழி இருக்கவில்லை.

அன்பு வாசகர்களே, அகராதியில் ஒரு வரியாக நான் ஓதிக் கடந்த இச்சொல், 2022ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த வாரத்தில் எங்கள் குடும்பத்துக்குள் வந்தது. அதைப் பற்றி எழுதுவது என் துயரத்தைப் பகிர்ந்துகொள்வதற்காக அன்று. நம் இல்லங்களில் தலைவலி என்று சொல்லாமலேயே தலையில் துணியைக் கட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்கும் தாய்மாரும் தங்கைமாரும் எத்தனையோ பேர். அவர்கள் பொருட்டே எழுதுகிறேன்.

என் தங்கைக்கு அப்போது வயது 48. செஞ்சியிலேயே வாழ்க்கைப்பட்டவள். இரண்டு ஆண்பிள்ளைகள். அன்று அஸருக்குப் பின் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தவள், "தலையில் இடி விழுந்தாற்போல இருக்கிறது" என்று ஒரு சொல் சொல்லி உட்கார்ந்துவிட்டாள். பின்னர் வாந்தி, கழுத்தைக் குனிக்க முடியாத விறைப்பு. முதலில் கொண்டுபோன ஒரு மருத்துவ நிலையத்தில் ஒற்றைத் தலைவலி என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மக்ரிபுக்குள் நினைவு மங்கவே, பிள்ளைகள் 108 வண்டியை அழைத்து விழுப்புரம் கொண்டுசென்று ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் அடிப்புறத்தில் இரத்தம் பரவியிருந்தது. இரவோடிரவாகச் சென்னை.

நம் ஊர்க்காரர்களுக்கு இதனை விளக்க ஏரிக்கரையைவிட நல்ல உவமை எனக்குக் கிடைக்கவில்லை. ஏரிக்கரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. வாய்க்கால் இரண்டாகப் பிரியும் முனையிலும், நீர் வந்து மோதும் வளைவிலுந்தான் மண் கரையும். மூளைக்குச் செல்லும் நாளங்களும் அவ்வாறே. அவை கிளை பிரியும் கவட்டில் இரத்தம் ஒவ்வொரு துடிப்பிலும் மோதுகிறது. சுவர் நலிந்த இடம் மெல்லப் புடைக்கிறது. வளர்ந்தவர் நூறு பேரில் ஏறத்தாழ மூவருக்கு இத்தகைய புடைப்பு இருக்கக்கூடும் என்பது ஆய்வாளர் கணிப்பு. அவர்களில் மிகப் பலர் அதனை அறியாமலே வாழ்ந்து, வேறு காரணத்தால் மறைகிறார்கள். ஆனால் அது வெடித்துவிட்டால் மூவரில் ஒருவருக்குக் குறையாமல் உயிரிழக்கிறார்கள். பிழைத்தவர்க்கும் முதல் நாளிலேயே மறுமுறை வெடிக்கும் அபாயம் மிகுதி. ஆகவே உடைப்பை அடைப்பதுதான் முதல் வேலை.

அடைக்கும் கலையின் வரலாறு மிக நீண்டதன்று. 1927இல் போர்ச்சுக்கல் நாட்டு எகாஸ் மோனிஸ், நாடிக்குள் மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே கதிரால் மூளை நாளங்களைப் படம் பிடித்தார். 1937இல் அமெரிக்காவின் வால்டர் டாண்டி மண்டை ஓட்டைத் திறந்து, புடைப்பின் கழுத்தில் ஒரு சிறு உலோகக் கவ்வியை மாட்டினார். நீண்ட காலம் அதுவே வழியாக இருந்தது. நம் பக்கத்தில், 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்நாட்டின் முதல் மூளை நரம்பியல் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி மூளை அறுவை மருத்துவத்தைத் தொடங்கினார். வேலூரில் நான் அரபி ஓதிய நாட்களில் அந்த மருத்துவமனை வாசலில் வங்காளத்திலிருந்தும் வந்து காத்திருந்த குடும்பங்களைக் கண்டிருக்கிறேன்.

பின்னர் மண்டையைத் திறவாமலே உள்ளே செல்லும் வழி பிறந்தது. 1970களில் மாஸ்கோவின் செர்பினென்கோ, நாளத்தின் வழியே சிறு பலூனைச் செலுத்திக் கழற்றிவிடும் முறையைக் கண்டார். இத்தாலியரான குய்தோ குக்லியெல்மி, கலிபோர்னியாவில் 1990இல், தலைமயிரைப் போல் மெல்லிய பிளாட்டினக் கம்பிச் சுருளைப் புடைப்புக்குள் சுருட்டி நிரப்பி, மெல்லிய மின்னோட்டத்தால் அதன் மூட்டைக் கரைத்துக் கழற்றிவிட்டார். சுருளைச் சுற்றி இரத்தம் உறைந்து பை அடைபடும். 2002இல் வெளிவந்த ஒரு பன்னாட்டு ஆய்வு 2,143 நோயாளிகளை இருவகைச் சிகிச்சைக்கும் பிரித்துப் பார்த்தது. ஓராண்டு முடிவில் இறந்தோரும், பிறர் துணையின்றி வாழ இயலாதோரும், மண்டை திறந்தவர்களில் நூற்றுக்கு 30.6, சுருள் வைத்தவர்களில் நூற்றுக்கு 23.7.

என் தங்கைக்குச் செய்தது சுருள் வைத்தியமே. தொடை இடுக்கு நாடியில் சிறு துளையிட்டு, அதன் வழியே மெல்லிய குழலை மூளைவரை கொண்டுசென்று, வெடித்த புடைப்பை நிரப்பினார்கள். அதன் பின்னும் மூன்று வாரம் நான்கு மணிக்கொருமுறை மாத்திரை. வெளியே கசிந்த இரத்தத்தால் நாளங்கள் சுருங்கி, நான்காம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையே மூளையின் ஒரு பகுதி உணவின்றி வாடக்கூடுமாம். அதைத் தாங்குவதற்கே அம்மருந்து. அல்ஹம்துலில்லாஹ், அவள் கண் திறந்தாள். கலிமாவைச் சொன்னாள். மூத்த மகனின் பெயரைச் சொல்ல மட்டும் இரண்டு நாள் ஆயிற்று.

வீடு திரும்பும் முன் மருத்துவர் படத்தைக் காட்டி இன்னொன்று சொன்னார். வலப்புறத்தில் மற்றொரு புடைப்பு இருக்கிறது; வெடிக்கவில்லை. இந்நோய் கண்டவர்களில் ஐவரில் ஒருவருக்கு இப்படி ஒன்றுக்கு மேல் இருப்பதுண்டு. ஆனால் இதன் வாய் அகன்றது. குறுகிய வாயுள்ள குடத்தில் போட்டது வெளியே வராது. அகன்ற வாயுள்ள சட்டியில் சுருளை வைத்தால், அது நழுவி ஓடும் நாளத்துக்குள் விழுந்து, அதையே அடைத்துவிடும். ஆதலின் முதலில் நாளத்துக்குள்ளே, புடைப்பின் வாய்க்குக் குறுக்காக, ஒரு வலைக்குழலை விரிக்க வேண்டும். வலை தடுப்பாக நிற்க, அதன் பின்னே சுருளை நிரப்பலாம். இதற்கே 'ஸ்டென்ட்' துணையுடன் செய்யும் சிகிச்சை என்று பெயர்.

'ஸ்டென்ட்' என்பது ஒரு மனிதரின் பெயர். 19ஆம் நூற்றாண்டில் இலண்டனில் பல்லின் அச்செடுக்க ஒரு பசையை ஆக்கிய பல் மருத்துவர் சார்லஸ் ஸ்டென்ட் என்பவர் அவர். அரபியில் இன்று இதனை 'திஆமா' என்கிறார்கள். முட்டுக்கால் என்பது பொருள். இருதயத்தில் வைப்பதைப் பலூனால் ஊதி விரிப்பார்கள். மூளையின் நாளம் மென்மையானது. அந்த அழுத்தத்தைத் தாங்காது. ஆகவே நிக்கலும் டைட்டானியமும் கலந்த 'நிட்டினால்' உலோகத்தால் செய்கிறார்கள். அது மடக்கிக் குழலுக்குள் வைத்தால் அடங்கியிருக்கும். வெளியே விட்டால் தன் பழைய வடிவத்தைத் தானே நினைவுகூர்ந்து விரியும். மூளை நாளத்திற்கென்றே ஆக்கிய இத்தகைய வலைக்கு அமெரிக்காவில் 2002இல் அனுமதி கிடைத்தது. சுருளே வேண்டாது, நெருக்கமான பின்னலால் இரத்தத்தைப் புடைப்பிலிருந்து திருப்பிவிடும் வலைக்கு 2011இல் அனுமதி கிடைத்தது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. உலோக வலை இரத்தத்தில் கிடந்தால் அதன்மேல் உறைகட்டி படியும். அது பெயர்ந்து சென்றால் பக்கவாதம். ஆகையால் இரத்தத்தை இளக்கும் இரு மாத்திரைகளை முன்கூட்டியே தொடங்கி, ஒன்றைச் சில மாதங்களும் மற்றதைப் பல்லாண்டுகளும் உட்கொள்ள வேண்டும். புதிதாக வெடித்து இரத்தம் கசியும் வேளையில் அம்மருந்துகள் தீங்காகலாம் என்பதால், இரண்டாவது புடைப்பைச் சில மாதம் கழித்தே பார்க்க வேண்டும் என்றார்கள்.

இங்கேதான் குடும்பத்தில் வழக்கு எழுந்தது. "நோவே இல்லாத இடத்தில் எதற்குக் குழாய் விடுவது?" என்றார் மச்சான். "எனக்கு அத்தாவும் வேண்டும், அம்மாவும் வேண்டும். கடன் வாங்கியாவது செய்வோம்" என்றான் மூத்த மகன். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஓதிக்கொடுப்பவன் ஆயிற்றே, "ஹஜ்ரத் சொன்னால் சரி" என்றார் மச்சான்.

எங்கள் செஞ்சிக் கோட்டையை எட்டாண்டுகள் முற்றுகையிட்டு 1698இல் கைப்பற்றியது ஔரங்கசீப் ஆலம்கீரின் படை. அதே ஆலம்கீர், போர் ஓயாத காலத்திலும், ஹனபி மத்ஹபின் தீர்ப்புகளை அறிஞர் குழுவைக் கொண்டு தொகுக்கச் செய்தார். அதுவே 'பதாவா ஆலம்கீரி'. தீங்கை நீக்கும் வழிகளை அந்நூல் மூன்றாக வகுக்கிறது. பசிக்கு உணவு போல உறுதியானவை, மருந்து போலப் பெரும்பாலும் பயன் தரும் என்று எண்ணத்தக்கவை, வெறும் ஊகமானவை. முதலாவதைக் கைவிடுவது பாவம். இரண்டாவதைச் செய்வது இறைவன்மேல் வைத்த நம்பிக்கைக்கு முரணாகாது. செய்யாது விட்டாலும் குற்றமில்லை. நான் இதனை எடுத்துச் சொன்னபோது மச்சான், "அப்படியானால் விட்டுவிடலாம் என்கிறீர்களா?" என்று கேட்டார். "இல்லை மச்சான். ஷரீஅத் இதைக் கட்டாயமாக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. தீர்மானத்தை உரியவர் கையில் விட்டிருக்கிறது. உரியவர் நீங்களும் அல்லர், நானும் அல்லேன்" என்றேன்.

அதுவரை அவளை யாரும் கேட்கவில்லை. மருத்துவர் அவளைப் பார்த்துத்தான் பேசினார். ஆனால் ஒவ்வொரு வினாவுக்கும் ஓர் ஆண்குரல் மறுமொழி சொல்லிக்கொண்டிருந்தது. நம் குடும்பங்களில் இது அன்பினால் நடப்பது என்பதை அறிவேன். எனினும் தலை அவளுடையது. அடுத்த முறை சென்றபோது மருத்துவரிடம், "அவள் கேட்கட்டும்" என்று வேண்டினேன்.

அவள் நான்கு வினாக்கள் கேட்டாள். "செய்யாமல் விட்டால் என்ன ஆகும்?" என்பது முதலாவது. ஒன்று முன்னரே வெடித்திருப்பதாலும், இரத்தக் கொதிப்பு இருப்பதாலும், அளவும் இடமும் நன்றாக இல்லாததாலும், காத்திருப்பதன் ஆபத்து செய்வதன் ஆபத்தைவிடத் தம் கணிப்பில் மிகுதி என்றார் மருத்துவர். செய்வதிலும் பக்கவாதம் வரக்கூடும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். "சுருள் மட்டும் போதாதா?" என்பது இரண்டாவது. சுருள் வைத்தவற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று பிற்காலத்தில் மறுபடி வாய் திறப்பதுண்டு. அகன்ற வாயில் அது இன்னும் எளிது. வலை அதனைக் குறைக்கும் என்றார்.

மூன்றாவது வினாவை என்னைப் பார்த்துக் கேட்டாள். "அண்ணே, இரத்தம் உறையாமலிருக்கக் குழாய் வழியே ஊசி மருந்து விடுவார்களாமே, அது பன்றிக் குடலிலிருந்து எடுப்பது என்கிறார்களே?" உண்மைதான். 'ஹெபாரின்' என்னும் அம்மருந்து பெரும்பாலும் அவ்வாறுதான் கிடைக்கிறது. உயிருக்கு ஆபத்தான இடத்தில், அதற்கு ஈடான ஹலாலான மருந்து கைவசம் இல்லாதபோது, நிர்ப்பந்தம் விலக்கை நீக்கும் என்ற பிக்ஹு விதியை எடுத்துச் சொன்னேன். தேவையின் அளவுக்குத்தான் அச்சலுகை என்பதையும் சொன்னேன். அவள் தலையசைத்தாள்.

நான்காவது வினாவைக் கேட்கும்போதுதான் அவள் குரல் தழுதழுத்தது. "நான் ஸஜ்தா செய்யலாமா? நோன்பு வைக்கலாமா?" வேற்று மதத்தவரான அம்மருத்துவர் சற்றுச் சிந்தித்து, காயம் ஆறிய பின் நெற்றி தரையில் படத் தொழலாம், வலை நழுவாது, ஆனால் வரும் ரமலானில் நோன்பு வேண்டாம், உடலில் நீர் வற்றினால் இரத்தம் தடிக்கும், வலை புதிது என்றார். ஒன்பது வயதிலிருந்து தன் நோயினால் ஒரு நோன்பும் விட்டறியாதவள் என் தங்கை. சற்று நேரம் சும்மா இருந்தாள். பின்பு, "செய்துகொள்கிறேன்" என்றாள். கையெழுத்தை அவளே போட்டாள்.

2023 ஜனவரியில் வலை வைத்தார்கள். இரண்டரை மணி நேரம். மூன்றாம் நாள் வீடு. அந்த ரமலானில் மற்றவர்களுக்கு ஸஹருக்குச் சமைத்து வைத்துவிட்டுத் தான் மட்டும் பகலில் மாத்திரையை விழுங்கியபோது அழுதாள் என்று சின்ன மகன் சொன்னான். "நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகையை ஏற்பதும் அவனுக்குக் கீழ்ப்படிவதே" என்று சொல்லி அனுப்பினேன். ஜூலையில் மறுபடம் எடுத்தார்கள். புடைப்பில் இரத்தம் புகவில்லை. நாளத்தின் உட்தோல் வளர்ந்து வலையை மெல்ல மூடிக்கொள்ளுமாம். உலோகம் நாளடைவில் சுவரின் உட்பொருளாகிவிடும். அடுத்த ஆண்டு நோன்புக்கு மருத்துவரே இசைவு தந்தார். நாளுக்கு ஒருமுறை உண்ணும் மாத்திரையை நோன்பு திறந்த பின் உண்ணலாம் என்றார். விட்ட நோன்புகளையும் களாச் செய்து முடித்தாள். இன்றும் சில பெயர்கள் அவளுக்கு உடனே நாவில் வருவதில்லை. அதைத் தவிர குறையில்லை.

பொருள் வசதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இவ்வலைகளும் சுருள்களும் பெரும்பாலும் அயல்நாட்டிலிருந்து வருபவை. இரத்தத்தைத் திருப்பிவிடும் வகை வலை ஒன்றே ஏழெட்டு லட்சம் ரூபாய் என்று ஓர் அரசு அறிவிப்பில் சொல்லப்பட்டது. இதய வால்வை இந்நாட்டிலேயே ஆக்கி 1990இல் முதன்முதலாகப் பொருத்திய திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம், பெங்களூர் தேசிய விமான ஆய்வுக்கூடத்தின் நிட்டினால் நுட்பத்தைக் கொண்டு அத்தகைய வலையையும் வடிவமைத்து, விலங்குகளில் சோதித்து, 2021இல் அந்நுட்பத்தைப் புனே நகரத்து நிறுவனம் ஒன்றுக்கு வழங்கியது. விமானத்துக்காகக் கற்ற உலோகக் கலை ஏழையின் தலைக்குள் முட்டுக்காலாக நிற்குமானால் அதைவிட நல்ல ஸதக்கா வேறென்ன?

இறுதியாகச் சில சொல். வாழ்நாளில் கண்டிராத தலைவலி ஒரு நொடியில் உச்சத்தைத் தொட்டால், அதனுடன் வாந்தியோ கழுத்து விறைப்போ மயக்கமோ வந்தால், தைலம் தடவிக்கொண்டு காத்திராமல், ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கே நேரே செல்லுங்கள். இரத்தக் கொதிப்பை அளந்து பாருங்கள். புகைப்பவர் அதை விடுங்கள். பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் ஆகியோரில் இருவர்க்கு இந்நோய் வந்திருந்தால் மற்றவர்களும் மருத்துவரிடம் கேளுங்கள். வலை வைத்துக்கொண்டவர்கள் மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. பல் பிடுங்குமுன்னும், ஹிஜாமா செய்துகொள்ளுமுன்னும் தம் மருத்துவரைக் கேட்க வேண்டும். எவ்விடத்தில் என்ன வைக்கப்பட்டது என்று எழுதிய சீட்டைக் கைப்பையில் வைத்திருக்க வேண்டும்.

வீட்டில் ஒரு பெண் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், "வெயிலாக இருக்கும்" என்று நாம் சொல்லிவிடுவதற்கு முன், அவள் என்ன சொல்லுகிறாள் என்று கேட்போமாக.